வெயில் ஆகாதவர்கள்

வள்ளிமயில் செத்துப்போன மூன்றாம் நாள், பொற்கொடி மதியச் சாப்பாட்டுத் தட்டோடு போய் உட்கார்ந்த மேசையிலிருந்து பதினொரு பெண்கள் ஒருசேர எழுந்து போனார்கள்.  கடைசியாக எழுந்தவள் மட்டும், தான் தின்று போட்ட மீன் முள்ளைப் பொற்கொடியின் சோற்றின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பொற்கொடி அதை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு சாப்பிட்டாள். பாதியில் எழுந்து போனால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்ற வீம்புதான். 

வந்தவாசிச் சாலையில் புதிதாக எழும்பிய தொழிற்பேட்டையில் இருந்தது அந்தக் கம்பெனி. கார்களில் பொருத்துகிற கடுகளவு கேமராக்களைச் செய்தார்கள். வள்ளிமயில் போக, இருநூற்றுப் பத்துப் பெண்கள் லைனில் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வளாகத்துக்குள்ளேயே விடுதி. கட்டடத்தில் ஜன்னல் கிடையாது. காலையில் ஆளுக்கொரு மாத்திரையை நர்ஸ் முன்னால் விழுங்க வேண்டும். சத்து மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் விளக்கின் கையில். லைனில் பச்சை விளக்கு எரியும். அதன் கீழே உட்கார்ந்தால் விரல் நடுங்காது, கண் சொருகாது, இடுப்பு வலி தெரியாது. ஷிப்ட் முடிந்து விடுதிக்குப் போனால் சிவப்பு விளக்கு. பத்தே நிமிஷத்தில் அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகிற வழியில் நீளமான இருட்டு நடைபாதை ஒன்று உண்டு. அதில் அரை மணி நேரம் நிற்க வைத்த பிறகுதான் மறுபக்கக் கதவு திறக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. விதி என்றால் விதி.

பொற்கொடி ஆரணிப் பெண். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவள். விளக்கு அறை அவள் பொறுப்பு. பச்சையைப் போடுவதும் சிவப்புக்கு மாற்றுவதும் அவள் கைதான். அவளுக்கு மாத்திரை கிடையாது. விளக்கை ஆள்கிறவள் விளக்குக்கு மயங்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. தான் இந்தக் கூட்டத்தில் ஒருத்தி இல்லை என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போக வேண்டும் என்றால் மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது இன்னொரு விதி. இல்லாவிட்டால் வெயிலில் கண் கூசும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூன்று நாள் ஆயிற்று என்று விளக்கு அறை முத்திரை இல்லாமல் வாசலில் விடமாட்டார்கள். வள்ளிமயிலுக்குத் திருக்கோவிலூர்ப் பக்கம் ஊர். நாலு வயசுப் பெண் குழந்தை அங்கே தாத்தாவிடம் இருந்தது. குழந்தைக்கு ஜுரம் இறங்கவே இல்லை என்று தகவல் வந்தபோது அவள் நேரே பொற்கொடியிடம் ஓடி வந்தாள்.

"கண்ணு கூசினா கூசிட்டுப் போவுதுக்கா. முந்தானையப் போட்டுக்கறேன். தேதிய மட்டும் மாத்திப் போட்டுக் குடுங்க."

பொற்கொடிக்கு மனசு இளகிவிட்டது. மூன்று நாள் முந்தைய தேதி போட்டு முத்திரை குத்தினாள். வள்ளிமயில் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். காலை பத்தேகால் மணிக்கு, நல்ல வெயிலில், பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே விழுந்து, உடம்பு வில்லாக வளைந்து, செத்துப்போனாள்.

அன்று மாலையே மனிதவள மேலாளர் நித்தியகுமார் பொற்கொடியைக் கூப்பிட்டனுப்பினார். குரல் உயராத மனிதர். ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"முத்திரை உன்னது. தேதி பொய். போலீஸ் முதல்ல உன்னத்தான் தேடும். ஆனா அவளுக்கு முன்னாடியே வலிப்பு இருந்துச்சுன்னா, நீ ரெண்டு தடவ பாத்திருக்கேன்னா, யாருக்கும் ஒண்ணும் இல்ல. எழுதிக் குடு."

அவள் எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், மீன் முள் விழுந்த அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது அங்கே சகாயராணி நின்றிருந்தாள். வேம்பார்க் கடற்கரைக்காரி. கரகரத்த குரல், எதற்கும் கண் தாழாத பார்வை. பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள்.

"வள்ளிக்கு வலிப்பு வந்து நீ எப்பம் பாத்த?"

பொற்கொடி தட்டைத் தேய்த்தாள்.

"உன்னத்தான் கேக்கேன். மூணு வருசமா அவ என் பக்கத்துக் கட்டில். அவளுக்கு ஒரு தலவலி வந்துகூட நான் பாத்ததில்ல. நீ எப்பம் பாத்த?"

"எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

"ஆமா, செத்தவதான, எந்திச்சு வந்து இல்லன்னு சொல்லவா போறா?" சகாயராணி குழாயை இறுக்கி மூடினாள். "நேத்து அவ அப்பா பொணத்த வாங்க வந்தாருல்லா, அந்தத் தாள அவரு கையில குடுத்திருக்கானுவ. அவருக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி கேட்டுல நின்னு நாந்தான் படிச்சுக் காட்டுனேன். எம் பொண்ணுக்கு வலிப்பு இருந்துச்சா, பெத்த எனக்கே தெரியாமப் போச்சேன்னு மாருல அடிச்சிட்டு அழுதாரு. மனுசன் தாம்மேலயே குத்தம்னு நெனச்சிட்டுப் போறாரு. அது உனக்குத் தெரியுமா?"

"எனக்குக் கேஸ் வரும்னு சொன்னாங்க. நான் வேற இன்னா பண்றது? அவ எப்படிச் செத்தான்னு எனக்கும் தெரியாது."

"அப்பம் தெரிஞ்சிட்டு வா. அதுவரைக்கும் எம் மூஞ்சில முழிக்காத."

கம்பெனியின் வேதியியல் நிபுணர் ஆதிகேசவன் மாடியில் ஒரு மூலை அறையில் இருந்தார். மாத்திரை அவர் கண்டுபிடித்தது என்று பேச்சு. யாரோடும் ஒட்டாதவர், கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்கிறவர். பொற்கொடி கதவைத் தட்டி உள்ளே போனபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"விளக்கு ஏதாவது கெட்டுப்போச்சா?"

"இல்ல சார். வள்ளிமயில் ஏன் செத்தா?"

அவர் பேனாவை மூடிவைத்தார். 

"யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பல. முத்திரை போட்டது நான்."

"ஓ. அது நீயா." அவர் குரலில் இரக்கம் இல்லை. "தாழ்ப்பாள் தெரியுமில்ல? அந்த மாத்திரைல இருக்கறது அது மாதிரி ஒரு பொருள். ரத்தத்துல சும்மா சுத்திக்கிட்டிருக்கும். பச்சை வெளிச்சம் தோல்ல, கண்ணுல பட்டா ஒரு பக்கம் திரும்பும். மூளை முழிச்சுக்கும், வலி தெரியாது. சிவப்பு பட்டா அதே பொருள் மறுபக்கம் திரும்பும். தூக்கம். ஒரே மருந்து, ரெண்டு வேலை. எந்த வேலைன்னு தீர்மானிக்கறது நிறம்."

"நடுவுல அந்த இருட்டு?"

"ஒரு வேலையிலிருந்து விலகி இன்னொண்ணுக்குப் போக உடம்புக்கு அரை மணி நேரம் வேணும். சரி, வெயில் என்ன நிறம், சொல்லு."

"வெள்ளை."

"வெள்ளைன்னு தனியா ஒண்ணும் கிடையாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கலந்து ஒண்ணா வர்றதுதான் வெள்ளை. வீட்டு டியூப்லைட்டுல அது ஒரு சொட்டு. வெயில்ல அது வெள்ளம். முழிச்சுக்கோன்னு ஒண்ணு சொல்லுது, தூங்குன்னு ஒண்ணு சொல்லுது, ரெண்டும் அதே நொடியில. தாழ்ப்பாள் திறந்து மூடித் திறந்து மூடி அடிச்சுக்கும். இதயத்துக்கு எந்த உத்தரவைக் கேக்கறதுன்னு தெரியாது. மேகமா இருந்தா தாங்கும். அன்னிக்கு நல்ல வெயில். இருபது நிமிஷம் போதும்."

அன்றைக்குப் பஸ் தாமதம் என்று வாட்ச்மேன் சொன்னது பொற்கொடிக்கு நினைவு வந்தது. 

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எலியில பாத்தோம்."

"எங்ககிட்ட கண்ணு கூசும்னுதான சொன்னீங்க?"

"கண்ணும் கூசும்."

அவள் அவரை அடித்துவிடுவாள் போல இருந்தது. அவர் அதைக் கவனித்தவராகத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மூன்று நாளில் உயிருக்கு ஆபத்து நீங்கும், பத்து நாளில் உடம்பில் சுத்தமாக இருக்காது, அதற்கப்புறம் பச்சையும் சிவப்பும் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு மாதிரிதான் என்றார்.

"என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க இதெல்லாம்?"

"நீ கேட்ட. இந்த ஆறு வருஷத்துல வேற யாரும் வந்து கேக்கல." பேனாவைத் திறந்தார். "வெளிய போய்ச் சொன்னேன்னா, நான் உன்னப் பாத்ததே இல்லன்னு சொல்லிடுவேன். கதவச் சாத்திட்டுப் போ."

அன்று ஷிப்ட் முடிந்ததும் அவள் முதல்முறையாக இருட்டு நடைபாதைக்குள் போனாள். கேமரா இல்லாத ஒரே இடம் அதுதான். இருநூற்றுப் பத்துப் பேரின் மூச்சு அங்கே புழுங்கிக்கொண்டிருந்தது. சகாயராணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆதிகேசவன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் இருட்டிலிருந்து ஓர் அறை வந்து அவள் கன்னத்தில் விழுந்தது. காது ரீங்கரித்தது.

"இது வள்ளிக்கு," என்றாள் சகாயராணி. "இப்பம் இன்னொரு தடவ சொல்லு. கடைசியில நிக்கறவளுக்கும் கேக்கணும்."

பொற்கொடி சத்தமாகச் சொன்னாள். யாரோ அழத் தொடங்கினார்கள். யாரோ அவளைப் பச்சையாகத் திட்டினார்கள். திட்டு ஓய்ந்தபோது திட்டம் பிறந்திருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, கழிவறையில் துப்பிவிட வேண்டும். பத்து நாள் பொறுக்க வேண்டும். பதினோராம் நாள் காலையில் லைனுக்குப் போகாமல் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வேண்டும். கம்பெனி கட்டாயம் சிவப்பைப் போடச் சொல்லும். போடட்டும். தொழிலாளர் துறை அதிகாரி கண் முன்னால் அவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருந்தால், விளக்கைப் போட்டுத் தூங்கவைக்கப் பார்த்த கதை தானாக வெளியே வரும். பெண்களின் போன்கள் எல்லாம் விடுதி வார்டனின் பூட்டுக்குள் இருந்தன. அதிகாரிக்குப் புகார் அனுப்புவது பொற்கொடியின் வேலை என்று முடிவாயிற்று.

"உன்ன நம்பி இதச் செய்யல," என்றாள் சகாயராணி. "எங்களுக்கு வேற ஆளு இல்ல. அவ்வளவுதான்."

அந்தப் பத்து நாளும் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. விளக்கு அறைக் கண்ணாடி வழியாகப் பொற்கொடி லைனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாளிலிருந்து பெண்களின் உடம்பு அவர்களிடமே திரும்பி வந்தது. விரல்கள் நடுங்கின. கண்கள் சொருகின. ஒருத்தி நாற்காலியிலேயே குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாக விளக்கு மறைத்து வைத்திருந்த வலியெல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருந்தது. தேறாத கேமராக்களின் எண்ணிக்கை ஏறியது. சூப்பர்வைசர்கள் கத்தினார்கள். நித்தியகுமார் மட்டும் கத்தவில்லை. எட்டாம் நாள் லைனுக்கு வந்து, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு இருநூற்றுப் பத்துப் பெண்களும் சாப்பாட்டுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்தார்கள். கேண்டீன் பண்டம் எதையும் தொடக் கூடாது என்பது சகாயராணியின் கண்டிப்பான உத்தரவு. ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டையும் முறுக்கையும் பங்கிட்டுத் தின்று, கூடத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். கூடத்தின் விளக்குப் பலகை அந்தச் சுவரிலேயே இருந்ததால் பொற்கொடியையும் அங்கே நிறுத்தினார்கள். ஒருத்தியும் அவள் பக்கம் திரும்பவில்லை. படபடப்பில் நாக்கு வறண்டு, அவளும் இரண்டு மூன்று டம்ளர் குடித்தாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். அப்துல் கபூர் என்று பெயர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும். ஷூவுக்குள் மழைத்தண்ணீர் சளப்புச் சளப்பென்றது. நித்தியகுமார் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேண்டீனிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு பொற்கொடியின் அருகே வந்து நின்றார். பார்க்கிறவர்களுக்கு மின்விசிறியைப் பற்றி ஏதோ சொல்கிற மாதிரி இருந்திருக்கும்.

"சிவப்பு போடு."

"அதிகாரி இருக்காரே சார்."

"அதனாலதான். ஸ்ட்ரைக்குன்னு கூப்பிட்டு வந்து எல்லாரும் படுத்துத் தூங்கறாங்கன்னு அவர் எழுதிட்டுப் போகட்டும்."

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்த மனுஷன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள். சகாயராணியின் கண்ணைத் தேடினாள். அவள் லேசாகத் தலையசைத்தாள். பொற்கொடி ரகசிய எண்ணை அழுத்திச் சிவப்பைப் போட்டாள்.

கூடம் முழுக்கச் சிவந்தது. பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி பாடத் தொடங்கினாள், மற்றவர்கள் கை தட்டினார்கள். மூன்று நிமிஷம் போயிற்று. ஐந்து நிமிஷம் போயிற்று. முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் சாய்ந்தாள். பாட்டு அறுந்தது. கை தட்டல் அங்கங்கே ஒன்று இரண்டாகக் குறைந்து நின்றது. வரிசை வரிசையாக, காற்றில் நெல் சாய்கிற மாதிரி, பெண்கள் தரையில் சாய்ந்தார்கள்.

சகாயராணி எழுந்து நின்றாள். கால் மடங்கியது. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் எழுந்தாள். அவள் பார்வை நேரே பொற்கொடி மேல் இருந்தது. அவ்வளவு வெறுப்பை ஒரு முகத்தில் பொற்கொடி அதுவரை பார்த்ததில்லை.

"மறுபடியும் வித்துட்டியேட்டி," என்றாள். முட்டி தரையில் மோத விழுந்தாள்.

"இல்ல. நான் இல்ல," என்று பொற்கொடி கத்தினாள். பத்து நாள் ஆயிற்றே, உடம்பில் சுத்தமாக இருக்காது என்று சொன்னாரே என்று மனசு அடித்துக்கொண்டது. நித்தியகுமார் அமைதியாக நின்றிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியத்தின் சாயல்கூட இல்லை.

"மாத்திரை சாக்கடையில மிதக்குது," என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வேற வழியா இல்ல?"

அவள் அவரை நோக்கி ஓர் அடி வைக்கப் போனாள். கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. இமைகளில் யாரோ ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டாற்போல இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சோற்றைத் தொடாத பெண்கள் வேறு எதை உள்ளே விட்டார்கள் என்று புரிந்தது. அவளே தாகத்துக்கு வாங்கிக் குடித்தாளே!

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். "என்ன சார் இது? என்ன ஆச்சு இவங்களுக்கு?"

"களைப்பு சார். கோஷம் போட்டுட்டுக் காலையிலேர்ந்து சாப்பிடாமக் கெடக்குதுங்க. நான் வார்டனைக் கூப்பிட்டு ரூமுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றேன். நீங்க வாங்க, ஆபீஸ்ல பேசலாம்."

அதிகாரி அவரோடு நடக்கத் தொடங்கினார். பொற்கொடி தன் நாக்கை அழுந்தக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. சுவரோடு உரசிக்கொண்டே போய் அதிகாரியின் ஈரச் சட்டைக் கையைப் பற்றினாள்.

"சார், நான் விளக்குப் பொண்ணு. பொற்கொடி. நான் மாத்திரை போடறவ இல்ல. ரெஜிஸ்டர்ல பாருங்க. ஆறு வருஷமா ஒண்ணுகூடப் போட்டதில்ல. ஆனா எனக்கும் தூக்கம் வருது சார்."

"என்னம்மா சொல்ற?"

"இந்தச் செவப்புதான். தண்ணியில கலந்துட்டாங்க. வெயில்ல போனா செத்துடுவோம். வள்ளிமயில் அப்படித்தான் செத்தா."

"தூக்கக் கலக்கத்துல உளறுது சார்," என்றார் நித்தியகுமார். அவர் குரல் முதல்முறையாக உயர்ந்திருந்தது.

அதிகாரி அவரைக் கையால் தடுத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கோப்பின் அட்டையிலேயே எழுதத் தொடங்கினார். "சொல்லும்மா. வள்ளிமயில் யாரு?"

வார்த்தைகள் ஒவ்வொன்றையும் கிணற்றின் அடியிலிருந்து ஏற்றம் போட்டு இறைக்க வேண்டியிருந்தது. பொற்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு படுத்துவிட்டாள். அவர் அவள் வாயருகே குனிந்தார்.

"அவளுக்கு வலிப்பு கெடையாது. நான் பொய் எழுதினேன். எழுதச் சொன்னது இவரு. தேதி மாத்தினது நான். அவ அப்பாகிட்ட..."

அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது அரசு மருத்துவமனையின் நீண்ட வார்டில் தரைப் படுக்கையில் கிடந்தாள். மறுநாள் காலை என்று சொன்னார்கள். மழை விட்டிருந்தது. ஜன்னல்களை எல்லாம் கருப்புப் போர்வையால் மறைத்திருந்தார்கள். ஒரு போர்வையின் ஓட்டை வழியாக ஈர்க்குச்சி அளவு வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்திருந்தது. சுற்றியிருந்த பெண்கள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்து விலகி உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடியும் காலை இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி அவ்வளவையும் பார்த்துக்கொண்டு சும்மா போகவில்லை. மெயின் சுவிட்சை இறக்கவைத்து, போலீஸுக்கும் மருத்துவமனைக்கும் சொல்லி, தண்ணீர்த் தொட்டிக்குச் சீல் வைத்திருந்தார். இருநூற்றுப் பதினொரு பேரின் ரத்தத்திலும் அந்தப் பொருள் இருந்தது. மாத்திரை எடுக்காதவள் என்று கம்பெனி தன் கைப்படவே எழுதிவைத்திருந்த பொற்கொடியின் ரத்தத்தில் அது இருந்ததற்குத்தான் அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. நித்தியகுமாரைக் காவலில் வைத்திருந்தார்கள். ஆதிகேசவன் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு அப்துல் கபூர் வந்து, பொற்கொடி சொன்னதை மூன்று பக்க வாக்குமூலமாக எழுதினார். வெளியே பளீரென்று அடித்த வெயிலில் குடை பிடித்து வந்திருந்தார். நெஞ்சு கொஞ்சம் படபடக்கிறது என்றார். "அரை டம்ளர் டீதான் குடிச்சேன்." 

பொற்கொடி மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். அடுத்த படுக்கையில் சகாயராணி, பிளாஸ்திரி ஒட்டிய முட்டியை நீட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி போன பிறகு பேசினாள்.

"உன் ரத்தத்துலயும் இருக்காம். கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"அதனால நீயும் நானும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"வள்ளி அப்பாருகிட்ட அந்த மொதத் தாளப் படிச்சுக் காட்டினது நான். இத நான் போய்ப் படிக்க மாட்டேன். நீதான் போவணும். நீயே படிக்கணும். கார்டுல எழுதிப் போடறது, போன்ல சொல்லுறதெல்லாம் கெடையாது."

"போறேன்."

சகாயராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் வழக்கு நடந்த இரண்டு வருஷத்திலும் அவள் பொற்கொடியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் பொற்கொடி வாக்குமூலத்தின் நகலோடு புறப்பட்டாள். மூன்று நாளில் ஆபத்து நீங்கும் என்று ஆதிகேசவன் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளுக்குத் துணை. அந்த ஆளின் வார்த்தையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை. டாக்டர்களுக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றார்கள். அவள் பொறுக்கவில்லை. மகளுக்கு வலிப்பு இருந்ததைத் தான் கவனிக்காமல் விட்டோமே என்று ஒரு கிழவன் ஒவ்வொரு நாளும் மார்பில் அடித்துக்கொள்வதை அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

திருக்கோவிலூரில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பஸ்ஸுக்குள்ளேயே நிழல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து வந்தவள், இறங்கிய பிறகு முந்தானையால் முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு நடந்தாள். வீட்டைக் காட்டினார்கள். முற்றத்தில் ஒரு கொட்டகை. அதன் நிழலில் வள்ளிமயிலின் அப்பா கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி அவர் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா? வெயில்ல நிக்கற, உள்ள வா," என்றார்.

நிழல் நாலு எட்டில் இருந்தது. பொற்கொடி நகரவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நிழலில் உட்கார்ந்து, அவர் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுச் சொல்வது நியாயம் இல்லை என்று பட்டது.

"ஐயா, வள்ளிக்கு வலிப்பு கெடையாது. அந்தத் தாள எழுதினது நான்தான். பொய்யா எழுதினேன். உண்மையா எழுதி எடுத்தாந்திருக்கேன். படிச்சுக் காட்டணும்."

கயிற்றைத் திரித்த கை நின்றது. அவர் நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. உள்ளே வரச் சொன்ன வார்த்தையை அவர் மறுபடியும் சொல்லவில்லை.

"அங்கியே நின்னு படி," என்றார்.

வெயில் இன்னது செய்யும் என்று அவருக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. மூடியிருந்த முந்தானையை விலக்கி, தாளைப் பிரித்தாள். பின்கழுத்திலும் புறங்கையிலும் வெயில் சுள்ளென்று இறங்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் போல, அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கும்படி, நிதானமாகப் படித்தாள். வள்ளிமயில் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட இடம் வந்தபோது அவர் வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள். நெஞ்சு வேகமாக அடித்தது. அது வெயிலாலா, பயத்தாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு பக்கம் இருந்தது. தாளைப் புரட்டி, நிறுத்தாமல் படித்தாள்.